முட்டை ஆகுமா, சார்?

எங்கள் தெருவில் மும்தாஜ் என்று ஒரு பெண் இருக்கிறாள். எனக்குப் பேத்தி முறை, 'நன்னா' என்றுதான் கூப்பிடுவாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. போன வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் ஆபீசில் மாதம் ஒரு புது யோசனை சொல்லியே ஆகவேண்டுமாம். சொன்னால், அதை ஏற்றுக்கொள்ள ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆறு பேர் போட்டாயிற்று. ஏழாவது ஆள் லீவில் போய்விட்டார்.

"யோசனையும் கேக்குறாங்க, ரூலைப் போட்டு கழுத்தையும் நெரிக்கிறாங்க. உங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காது இல்ல நன்னா?" என்றாள்.

இருந்திருக்காதாம்! எனக்கு வந்ததே சிரிப்பு. வாயால் சொன்னால் பாதியில் போனை எடுத்துப் பார்ப்பாள், எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஜமாலுதீன். ரயில்வே பிளாட்பாரத்துச் சாப்பாட்டு அறைகளில் ஆயுசைக் கழித்து பட்லராக ஓய்வு பெற்றவன். என் அத்தாவுக்குப் புதுப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம். மூன்று தலைமுறைத் தொழில். எனக்கோ அந்த வாசனையே ஆகாது. கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வாந்தி வரும். "கருவாடு ஆகாத பையன் கடலோரத்துல எதுக்கு?" என்று அத்தா என்னைச் செங்கல்பட்டு ஜங்ஷனுக்கு அனுப்பிவிட்டார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர்க்காரர் காசீம் சாயபு, பிளாட்பாரத்தில் அசைவச் சாப்பாட்டு அறையைக் காண்டிராக்ட் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் தட்டு கழுவினேன். ஒரு வருஷம் வெங்காயம் உரித்தேன். அப்புறம் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அதில் ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தை மறைத்தே தட்டு ஏந்தப் பழகினேன். பயிற்சி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

எங்களுக்கு மேலாள் சாலமன் பட்லர். வெள்ளைக்காரத் துரைமார்களுக்குப் பரிமாறிய கை. ஒட்டடைக்கோல் போல ஒல்லி உடம்பு, வெள்ளைத் தலைப்பாகை, நடந்தால் சத்தம் வராது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் "தயவு செய்து" என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்தால் நாங்கள் குசினிக்குள், அடுப்புப் பக்கம், ஓடிவிடுவோம்.

அவரிடம் சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அதில் முப்பத்தொரு விதிகள். நோட்டை யாருக்கும் காட்டமாட்டார், விதிகளை மட்டும் நம்பரோடு சொல்லுவார். முதல் விதி, யாராக இருந்தாலும் முதலில் சூப். ஒன்பதாம் விதி, சூப்பில் கட்டை விரல் படக்கூடாது. பன்னிரண்டாம் விதி, குசினியை விட்டு வெளியே போகும் எதையும் உப்புப் பார்க்காமல் அனுப்பக்கூடாது, பெற்ற தகப்பனுக்கே ஆனாலும். ஏழாம் விதிதான் எனக்கு ஆகவே ஆகாது. மேஜையில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் குனிந்து, "முட்டை ஆகுமா, சார்?" என்று கேட்க வேண்டும். அசைவச் சாப்பாட்டு அறை அது! "மட்டன் சாப்ஸ் கொண்டாய்யா" என்று கத்திக்கொண்டு நுழைகிற ஆளிடமும் இதைக் கேட்க வேண்டும். "கோழியையே திங்கறேன், முட்டையை விட்டுடுவேனா?" என்று அவன் என்னைத்தான் முறைப்பான்.

ஏழாம் விதிக்கு ஒரு வாலும் உண்டு. கேட்பதற்கு முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். குசினி வாசலில் ஒரு காலண்டர் தொங்கும். அதில் சில தேதிகளுக்குச் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்திருப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இப்போது சூப்புக்கு வருகிறேன். இஞ்சின் தண்ணீர் பிடிப்பதற்காகப் பகல் வண்டி எங்கள் ஜங்ஷனில் பத்து நிமிஷம் நிற்கும். பயணி இறங்கி ஓடிவந்து நாற்காலி பிடிக்க இரண்டு நிமிஷம். முட்டை விசாரணை ஒரு நிமிஷம். அப்புறம் சூப். அது கொதிக்கக் கொதிக்கத்தான் வரும், ஆறின சூப் வைத்தால் மூன்றாம் விதி கோபித்துக்கொள்ளும். பயணி ஊதி ஊதிக் குடித்து முடிக்க ஐந்து நிமிஷம். சூப் தட்டை எடுத்துவிட்டு அடுத்த தட்டை இடது பக்கத்திலிருந்து வைக்கும்போது கார்டு விசில் ஊதிவிடுவார். முழுச் சாப்பாட்டுக்கு டிக்கெட் வாங்கிய மனுஷன் கழுத்தில் கட்டிய துண்டோடு ஓடுவான். எங்கள் துண்டுகளில் பாதி திண்டிவனம் வரை ஊர் பார்த்தவை.

ஒரு நாள் ஒரு பெரியவர் ஓடும் வண்டியின் படியில் தொற்றிக்கொண்டு, "டேய் பாவிங்களா, சோத்துக்கு டிக்கெட் வாங்கி சுடுதண்ணி குடிச்சிட்டுப் போறேண்டா!" என்று கத்தினார். அவர் முகம் எனக்கு ஒரு வாரம் மறக்கவில்லை. வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கா ஒரு தொழில்?

எனக்கு யோசனை தோன்றியது. பிரியாணி, ஒரு துண்டு கறி, ஒரு அவித்த முட்டை. மந்தாரை இலையில் வைத்துக் கட்டிக் கையில் கொடுத்துவிடுவது. பயணி வண்டியில் காலை நீட்டிக்கொண்டு சாப்பிடட்டும். இதில் என்ன தப்பு? சாலமன் பட்லரிடம் போய்ச் சொன்னேன்.

"பொட்டலமா? இன்னாடா, நாம இன்னா வேர்க்கடலையா விக்கிறோம்?" என்றார்.

"ஆளு பட்டினியா போறான் பட்லரய்யா."

"போவட்டும். மொறைன்னு ஒண்ணு கீது ஜமாலு."

"மொறைய வச்சிக்கினு இன்னா பண்றது? அத்த துன்ன முடியுமா?"

அவர் குரல் இறங்கியது. "தயவு செய்து..." என்றார். நான் குசினிக்குள் இருந்தேன்.

அந்த வருஷம் காண்டிராக்ட் முடிகிற வருஷம். பட்டினி போன பயணிகள் எழுதிய புகார்க் கடிதங்கள் மேலே குவிந்துவிட்டன. சென்னையிலிருந்து ஒரு பெரிய ஆபீசர் நேரில் பார்க்க வருவதாகக் கடுதாசி வந்தது. அவர் ஒரு வரி தப்பாக எழுதினால் காண்டிராக்ட் போச்சு. பதினொரு பேருக்கு வேலை போகும். எனக்குக் கூடுதலாகக் கல்யாணமும் போகும். சதுரங்கப்பட்டினத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அத்தா, "ரயில் உத்தியோகம்னாதான் குடுப்பேன், கருவாட்டுக்குக் குடுக்கமாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தார். பெண்ணை ஒரே ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவை போதுமானதாக இருந்தது.

ஆபீசர் கடுதாசியில் இன்னொன்றும் இருந்தது. சனிக்கிழமை காலை பார்வை முடிந்ததும் குடும்பத்தோடு மகாபலிபுரம் போகிறார், மதியச் சாப்பாட்டை அங்கேயே கடற்கரையில் ஏற்பாடு செய்யவேண்டும். காசீம் சாயபு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கடக்கரையில எங்கடா மேஜை போடுறது? துணி விரிச்சா கப்பல் பாய் மாதிரி போய்க்கினே இருக்குமே!"

விட்டேனா? பொட்டல யோசனையை அவரிடம் அவிழ்த்துவிட்டேன். சாயபு முகம் மலர்ந்துவிட்டது. "இவ்ளோ நாளு எங்கடா வச்சிருந்த இந்த மூளைய?" என்றவர், பட்லர் பக்கம் திரும்பி, "சாலமன், இந்த ஒரு நாளு ஜமாலு சொல்றதுதான் சட்டம். நீ குறுக்க பேசாத" என்றார்.

"சரிங்க முதலாளி" என்றார் சாலமன். அவர் குரல் அன்றைக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் இலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பட்லர் என் பின்னால் வந்து நின்றார்.

"காலண்டர் பாத்தியா?"

"பாத்தேன். நாளைக்கு சனிக்கிழமை."

"ஆமா. சனிக்கிழமை" என்றார். போகாமல் நின்றார். "நல்லா பாத்தியா?"

"சனிக்கிழமைய எத்தினி தடவ பட்லரய்யா பாக்கறது?"

அவர் வாயைத் திறந்தார். முதலாளி சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். மனுஷனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், குசினி மூலையில் புதுச் சட்டி ஒன்றை வைத்து, புதுக் கரண்டியால் தனியாக ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார். நான் மும்முரமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் வருவார்களோ என்று இருபத்தைந்து பொட்டலம். உப்புப் பார்க்கக்கூட நேரமில்லை.

காலைப் பார்வை ஒழுங்காகவே முடிந்தது. ஆபீசர் தட்டுகளை விரலால் தேய்த்துப் பார்த்தார், "ம்" என்றார். கோப்பைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "ம்" என்றார். நெற்றியில் சன்னமாகச் சிவப்பு நாமம் போட்டிருந்தார். அதைப் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. ஆம்லெட் வேண்டாம், வெறும் காப்பி போதும் என்றார். மதியப் பிரியாணிக்கு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்கிறார் என்று மகிழ்ந்துபோனேன்!

அவருடைய கார் முன்னால், எங்கள் வாடகை வேன் பின்னால். வேனில் நான், சாயபு, என் பொட்டலக் கூடை. பட்லர் அந்தச் சட்டியைத் துணியால் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். காலடியில் ஒரு ஸ்டவ்வும், ரொட்டியும் நெய்யும் வைத்த ஒரு தகரப்பெட்டியும். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவர் சட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

மகாபலிபுரத்தில் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, சவுக்குத் தோப்பு நிழலில் ஜமக்காளம் விரித்தோம். ஆபீசர், அவர் சம்சாரம், இரண்டு பெண் குழந்தைகள், குமாஸ்தா ஒருவர், டவாலிப் பட்டை போட்ட பியூன் ஒருவர். நான் பொத்தானில்லாத இடத்தை மறைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொட்டலம் வைத்தேன். ஆபீசர் நூலை அவிழ்த்தார். இலை விரிந்தது. பிரியாணி வாசனை தோப்பையே தூக்கியது. அவர் ஒரு தடவை எச்சில் விழுங்கினார், சத்தியமாக நான் பார்த்தேன். பிறகு சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள்.

"என்னய்யா இது?" என்றார் ஆபீசர்.

"பிரியாணி சார்."

"அது தெரியுது. எனக்கும் மூக்கு இருக்கு. இன்னைக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை சார்."

"என்ன மாசம்?"

"செப்டம்பர் சார்."

டவாலி தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், புரட்டாசிய்யா! புரட்டாசி சனிக்கிழம!"

என் காலடியில் மணல் நழுவியது. எங்கள் தெருவில் பிறை பார்ப்போம், நோன்பு எண்ணுவோம். புரட்டாசி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று யார் கணக்கு வைத்தார்கள்? புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமாக, நாமம் போட்ட மனுஷன் முன்னால், கறியும் முட்டையும்! குசினிக் காலண்டரின் சிவப்புப் புள்ளி அப்போதுதான் கண்முன் வந்தது. காசீம் சாயபு "யா அல்லா" என்று மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சதுரங்கப்பட்டினத்து ஜன்னல் சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது.

அப்போது சாலமன் பட்லர் முன்னால் வந்தார். அந்த வெயிலிலும் கோட்டு, தலைப்பாகை, கையில் மடித்த வெள்ளைத் துண்டு. ஆபீசர் முன் குனிந்து, கொஞ்சம்கூடச் சிரிக்காமல் கேட்டார்:

"முட்டை ஆகுமா, சார்?"

"ஆகாதுய்யா! இன்னைக்கு எப்படிய்யா ஆகும்?"

"ரொம்ப நல்லது சார். சூப் ரெடியா கீது."

"எலும்பு போட்டதா?"

"புதுச் சட்டி சார். கரண்டியும் புதுசு. பூசணி, கேரட்டு, பாசிப்பருப்பு. வேற ஒண்ணும் கெடையாது."

எழப்போன ஆபீசர் மறுபடி உட்கார்ந்தார். நான் அந்தக் கிழவர் காலில் விழுந்திருப்பேன், கூடை குறுக்கே இருந்தது. பட்லர் சூப்பை ஸ்டவ்வில் கொதிக்கவைத்துத் தட்டுகளில் ஊற்றினார். ஊற்றியதும் கடற்காற்று ஒரு வீச்சு வீசியது. முதல் கரண்டியிலேயே, "அம்மா, மண்ணு!" என்று சின்னப் பெண் துப்பினாள். இரண்டாவது தட்டும் அப்படியே. பட்லர் கரண்டியோடு நின்றார். அவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முப்பத்தொரு விதியில் காற்றுக்கு ஒன்றும் இல்லை.

சவுக்கு மரத்தடியில் ஒருவர் இளநீர்க் குலை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நான் பட்லர் காதில் சொன்னேன்: "பட்லரய்யா, இளநி கூட்டுல ஊத்துங்க. வாய் சின்னது, மணலு போவாது."

"கூட்டுலயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தயவு செய்து" வரப்போகிறது என்று பயந்தேன். "எவனாச்சும் குடிச்ச எச்சிக் கூடு கூடாது. புதுசா வெட்டச் சொல்லு. வாய சின்னதா சீவச் சொல்லு" என்றார்.

ஆளுக்கொரு இளநீர் வெட்டி, தண்ணீரைக் கூஜாவில் வடித்துவிட்டு, கூட்டில் சூப்பை ஊற்றினோம். மணல் வெளியே, சூப் உள்ளே. குடித்து முடித்தபோது சூட்டில் வெந்த வழுக்கை தயாராக இருந்தது. அதை ஸ்பூனால் சுரண்டச் சொன்னார் பட்லர். அது இரண்டாவது தட்டு. மூன்றாவதாக, தகரப்பெட்டி ரொட்டியை நெய்யில் பொரித்துச் சர்க்கரை தூவி, ஒவ்வொருவருக்கும் இடது பக்கத்திலிருந்து வைத்தார். விசில் இல்லை, ஓட்டமில்லை. ஒருவர் கழுத்துத் துண்டும் ஊர் தாண்டவில்லை. தப்பு சூப்பில் இல்லை, ரயிலில்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பிரமாதம்! யாருடைய யோசனை இது?" என்றார் ஆபீசர்.

"இளநி இவன் யோசனை சார். சூப்பு நம்மளுது" என்றார் பட்லர். கொஞ்சம் நிறுத்தி, "பிரியாணியும் இவன் யோசனைதான்" என்றார். ஆபீசர் சிரித்துவிட்டார். ஆனால் காண்டிராக்ட் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எழுந்து, கைகழுவி, கோயிலைப் பார்க்கப் போய்விட்டார்.

பொட்டலங்களைத் தோப்பில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் மென்றபடியே என்னைக் கூப்பிட்டார். "அண்ணாத்த, எல்லாம் போட்டுகிற. உப்பு எங்க?"

பன்னிரண்டாம் விதி! பட்லர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெயில் சாயும் நேரத்தில் ஆபீசரின் கார் கிளம்பியது. சாயபு அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நூறு அடி போய் கார் நின்றது. டவாலி இறங்கி மணலில் ஓடி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அந்தப் பொட்டலம் ஒண்ணு மிச்சம் கீதா?" என்றார். "அய்யா கேக்குறாரு. ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் தாங்குமான்னு."

கூடையின் அடியில் ஒன்றே ஒன்று இருந்தது. எடுத்து நீட்டினேன். பட்லர் என் கையைத் தட்டிவிட்டு அதை வாங்கினார். பிரித்தார். ஒரு பருக்கையைச் சுத்தமான ஸ்பூனால் எடுத்து வாயில் போட்டார். தகரப்பெட்டியிலிருந்து உப்பெடுத்துத் தூவிக் கலந்து, திரும்பக் கட்டினார். கட்டி முடித்தும் கொடுக்கவில்லை.

"பன்னண்டு மணிக்கு மேல, அய்யாவுக்கு முட்டை ஆகுமா?"

டவாலி, "இன்னாய்யா பேஜாரு பண்ற!" என்று அலுத்துக்கொண்டே காருக்கு ஓடினார். ஜன்னலில் குனிந்தார். திரும்பி ஓடி வந்தார்.

"ஆகுமாம்" என்றார் மூச்சு வாங்க. "அப்பால, காண்டிராக்ட் பேப்பர திங்கக்கெழம ஆபீசுக்கு எடுத்தாரச் சொன்னாரு. கையெழுத்துப் போட்டுர்றாராம்."

காசீம் சாயபு பட்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தலைப்பாகை கழன்று மணலில் விழுந்தது. தலைப்பாகை இல்லாமல் சாலமன் பட்லரை நாங்கள் யாருமே அதுவரை பார்த்ததில்லை. வழுக்கை!

மறுநாள் அவர் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, சிவப்பு நோட்டை முதல் தடவையாக என் கையில் கொடுத்தார். துரைமார் போட்ட சட்டங்கள் என்றே நான் நினைத்திருந்தேன். திறந்தால் எல்லாம் தமிழில், அவர் கையெழுத்தில். ஒவ்வொரு விதிக்கும் கீழே நடந்த சங்கதியும், 'தப்பு' என்று போட்டு ஒரு பெயரும். முதல் விதிக்குக் கீழே: 'அவசரத்தில் மீனை முதலில் வைத்தேன். துரை தொண்டையில் முள். தப்பு: சாலமன்.' ஏழாம் விதிக்குக் கீழே: 'புட்டிங்கில் முட்டை இருக்கிறது என்று சொல்லாமல் விரதமிருந்த ஒரு அம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாள் வண்டி போகிற வரைக்கும் அழுதார்கள். தப்பு: சாலமன்.' முப்பத்தொன்றில் பத்தொன்பது சாலமன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா பொறாமைக்காரன் என்று நினைத்தேன்?

கடைசிப் பக்கத்தில் மை காயாத ஒரு விதி இருந்தது. 'முப்பத்திரண்டு. வண்டியில் போகிறவர் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். கட்டும் முன் காலண்டர் பார்க்கவும். உப்புப் பார்க்கவும். யோசனை: ஜமாலுதீன். தப்பு: ஜமாலுதீன்.'

அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்து ஜன்னல்காரியும் இங்கேதான் இருக்கிறாள், நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, "என்னை எதுக்கு இதுல இழுக்குறீங்க?" என்கிறாள். பிற்பாடு நான் பட்லராகி விதிகள் நாற்பத்தாறு ஆயின. புதிதாக வந்த பதினாலில் ஒன்பது என் பெயரில்.

இதுவரை எழுதியதை மும்தாஜிடம் கொடுத்து, "அந்த ஏழாவது ஆளு லீவு முடிஞ்சு வந்ததும் சண்டை போடாதே. ஏழு கையெழுத்து ரூல் யாரு பண்ணின தப்பால வந்துச்சுன்னு மட்டும் கேளு" என்றேன்.

நேற்று கேட்டாளாம். அந்த மனுஷர் எழுந்து போனாராம். கதவைச் சாத்திவிட்டு வந்து, "என்னுதுதாம்மா, உக்காரு" என்றாராம்.